டயர் ஒரு பக்கமாகத் தேய்வது ஏன்? அலைன்மென்ட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

காரின் முன் டயர் ஒன்றின் உள்விளிம்பு மொட்டையாகிவிட்டது. அதே டயரின் வெளிவிளிம்பு இன்னும் புதிதுபோல இருக்கிறது. இதைக் கண்டதும் எல்லோர் வாயிலும் வருவது ஒன்றுதான்: "அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்." பார்க்கிறார்கள், பணம் கட்டுகிறார்கள். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அதே விளிம்பு மறுபடியும் தேய்கிறது. டயர் நிறுவனத்தின் மேல் பழி விழுகிறது, அல்லது சாலையின் மேல். உண்மையில் தேய்ந்துபோன ஒரு சிறிய ரப்பர் புஷ்ஷோ தளர்ந்த ஒரு பந்து மூட்டோ வண்டிக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் இருந்துகொண்டே இருக்கும்.

வீல் அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணங்களின் அளவீடு; அதோடு சேர்ந்த ஒரு திருகல். அது பழுதுபார்ப்பு ஆகாது. இந்த வேறுபாடு புரியாததால் நல்ல டயர்கள் பாதி ஆயுளில் குப்பைக்குப் போகின்றன. அதைவிட முக்கியம், ஆபத்தான தளர்வுகள் கவனிக்கப்படாமல் நெடுஞ்சாலையில் ஓடுகின்றன. அதனால் இந்த விஷயத்தை அடியிலிருந்து விளக்க விரும்புகிறேன்.

செருப்பு சொல்வதைத்தான் டயரும் சொல்கிறது

பழைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள். சிலருக்குக் குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்திருக்கும், சிலருக்குக் கட்டைவிரலுக்குக் கீழே. நடை எப்படியோ தேய்மானம் அப்படி. புதுச் செருப்பு வாங்கினாலும் நடை மாறாத வரை அதே இடம்தான் தேயும்.

டயரும் அப்படியே. அது தேய்ந்த விதத்தில், சக்கரம் சாலையில் எப்படி நின்றது, எந்தப் பக்கம் இழுபட்டது, துள்ளியதா என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். அதனால் தேய்ந்த டயரைக் கழற்றி எறிவதற்கு முன் அதைப் படிக்க வேண்டும். எந்தச் சக்கரத்தில் இருந்தது, எந்த விளிம்பு உள்ளே இருந்தது என்று சாக்பீஸால் எழுதிவிட்டுக் கழற்றுவது மிக நல்ல பழக்கம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போடுவது வழக்கம். அப்படி மாற்றிய பிறகு பின் சக்கரத்தில் தெரியும் கோணல் தேய்மானம், அந்த டயர் முன்னால் இருந்தபோது வாங்கியதாக இருக்கலாம். கடைசியாக எப்போது மாற்றினோம் என்று தெரியாமல் டயரைப் படித்தால் குற்றமற்ற பாகத்தின் மேல் பழி விழும்.

கையாலும் கண்ணாலும் படிப்பது

முதலில் ஆழம். பட்டன் என்று பஞ்சர் கடைகளில் சொல்லும் ரப்பர் கட்டங்களுக்கு நடுவே உள்ள பள்ளம் புதிய கார் டயரில் ஏறக்குறைய 7 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். பள்ளத்துக்குள்ளேயே ஆங்காங்கே சிறிய ரப்பர் மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. இந்திய விதிகளிலும் காருக்கு இதுவே எல்லை. ஆழம் அளக்கும் சிறிய அளவுகோல் மலிவாகக் கிடைக்கிறது. உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி வைத்தால் உள்விளிம்பும் கண்ணுக்கு எட்டும். அதைப் பார்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு. வெளியிலிருந்து நல்ல டயராகத் தெரிவதன் உள்விளிம்பில் எஃகுக் கம்பி எட்டிப் பார்ப்பதும் உண்டு.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் காற்று குறைவு. இவை இரண்டுக்கும் சஸ்பென்ஷனோடு, அதாவது சக்கரத்தை வண்டியோடு பிணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்போடு, தொடர்பு இல்லை. சரியான அழுத்தம் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. சிறிய கார்களில் பெரும்பாலும் 30 முதல் 35 பிஎஸ்ஐ. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அது தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். நாம் நிரப்ப வேண்டிய அளவு அன்று. வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும்.

ஒரு விளிம்பு மட்டும், சுற்றிலும் ஒரே சீராக, வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது என்று பொருள்.

உள்ளங்கையால் டயரைக் குறுக்காகத் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பம்போலச் சொரசொரப்பாகவும் இருந்தால் சக்கரம் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே ஓடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும் அடையாளம் இது. இந்தச் சோதனையை மாதம் ஒருமுறையாவது செய்யச் சொல்வேன். கம்பி நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று முதலில் கண்ணால் பார்த்துவிட்டுத் தடவுங்கள்.

சுற்றளவில் விட்டு விட்டுப் பள்ளமும் மேடுமாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் துள்ளியிருக்கிறது. துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம், சக்கரத்தின் எடை சமநிலை கெட்டிருக்கலாம், ஏதாவது மூட்டு ஆடலாம்.

சுருக்கமாக: நடு அல்லது இரு விளிம்பு என்றால் காற்று, ஒரு விளிம்பு வழவழப்பு என்றால் சாய்வு, ரம்பம் என்றால் திசை, மேடுபள்ளம் என்றால் துள்ளல்.

மூன்று கோணங்கள்

காரை நேர் எதிரே நின்று பார்க்கும்போது சக்கரம் செங்குத்தாக நிற்கிறதா, மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். மேல்பகுதி உள்ளே சாய்ந்தால் உள்விளிம்பு தேயும். வெளியே சாய்ந்தால் வெளிவிளிம்பு.

காரை மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முன் சக்கரங்களின் முன்பக்கங்கள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருந்தால் டோ-இன், விலகியிருந்தால் டோ-அவுட். இரண்டுக்கும் பொதுப்பெயர் டோ. டோ-இன் மிகுந்தால் வெளிவிளிம்பும் டோ-அவுட் மிகுந்தால் உள்விளிம்பும் தேயும். கை வெளியிலிருந்து உள்ளே போகும்போது வழவழப்பு, உள்ளிருந்து வெளியே வரும்போது சொரசொரப்பு என்றால் டோ-இன். மாறி இருந்தால் டோ-அவுட்.

மூன்றாவது காஸ்டர். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு அது. கையை எடுத்தால் ஸ்டீயரிங் தானே நேராக வருவதற்கு அதுவே காரணம். டயர் தேய்மானத்தில் அதன் பங்கு சிறியது, அதனால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

டயரைத் தின்பதில் முதலிடம் டோவுக்கே. ஒரு சக்கரம் நேர்த்திசையிலிருந்து அரை டிகிரி திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. ஆனால் கணக்குப் போட்டால், ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் அந்த டயர் ஏறக்குறைய 9 மீட்டர் பக்கவாட்டில் உரசப்படுகிறது. சென்னையிலிருந்து மதுரைக்குச் சுமார் 460 கிலோமீட்டர். மதுரை போய்ச் சேரும்போது அந்த டயர் 4 கிலோமீட்டர் தூரம் குறுக்காக இழுத்துச் செல்லப்பட்டிருக்கும். ரப்பர் எப்படித் தாங்கும்?

இன்னொரு தவறான நம்பிக்கையும் இதில் உடைகிறது. "ஸ்டீயரிங்கை விட்டால் வண்டி நேராகத்தான் போகிறது, அதனால் அலைன்மென்ட் சரி" என்கிறார்கள். டோ பிழையை இரண்டு முன் சக்கரங்களும் ஓடும்போது தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. இடது சக்கரம் வலப்புறம் தள்ளும், வலது சக்கரம் இடப்புறம் தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட வண்டி நேராகவே போகும், டயர்கள் மட்டும் அழியும். வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இடவலச் சக்கரங்களின் கேம்பரோ காஸ்டரோ வேறுபடுவது, அல்லது டயரே. முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் இழுப்பும் பக்கம் மாறுகிறதா என்று பாருங்கள்; மாறினால் குற்றம் டயருடையது. ஒரே திசையில் மட்டும் ஓட வேண்டிய, அம்புக்குறி போட்ட டயர்களில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். மழைநீர் வடிய நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும் என்பதால், இடப்புறம் மிக லேசாக நகர்வது கோளாறு ஆகாது.

கோணங்களைப் பிடித்து வைத்திருப்பவை

அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சன் உருவாக்கிய முன் சஸ்பென்ஷன் அமைப்பை 1950-இல் பிரிட்டனில் ஃபோர்டு நிறுவனம் தன் கான்சல் காரில் கொண்டுவந்தது. இடம் குறைவு, பாகங்கள் குறைவு, செலவு குறைவு. அதனால் 1983-இல் வந்த மாருதி 800 முதல் இன்றைய சிறிய கார்கள் வரை நாம் அன்றாடம் பார்க்கும் பெரும்பாலானவற்றில் இதே அமைப்புதான்.

அதன் உடற்கூறு எளிது. சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த செங்குத்தான தூண் ஒன்று. அதன் பெயர் ஸ்ட்ரட். அதன் மேல்முனை பானெட்டுக்குக் கீழே உடற்கூட்டோடு ஒரு ரப்பர் மெத்தை வழியாகப் பிணைந்திருக்கும். கீழ்முனை, சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிள் என்ற வார்ப்புத் துண்டைப் பிடித்திருக்கும். நக்கிளின் அடிப்பகுதியை வண்டியோடு இணைப்பது லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கை. அந்தக் கையின் வெளிமுனையில் பால் ஜாயின்ட், அதாவது கிண்ணத்துக்குள் பந்து வைத்த மூட்டு. உள்முனைகளில் புஷ், அதாவது இரும்புக் குழாய்க்குள் ஒட்டிய ரப்பர். ஸ்டீயரிங்கிலிருந்து வந்து நக்கிளைத் தள்ளியும் இழுத்தும் திருப்புவது டை ராட். அதன் நுனியில் இருக்கும் பந்து மூட்டு டை ராட் எண்ட்.

டோவைக் கடைசியாகத் தீர்மானிப்பது டை ராடின் நீளம். அலைன்மென்ட் கடையில் திருகுவது அதைத்தான். கேம்பரைத் தீர்மானிப்பவை ஸ்ட்ரட்டும் லோயர் ஆர்மும். பல சிறிய கார்களில் கேம்பரைத் திருத்தத் தனித் திருகு எதுவும் கொடுக்கப்படவில்லை. ஆகவே அங்கே கேம்பர் கெட்டிருக்கிறது என்றால், ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, தளர்ந்திருக்கிறது, அல்லது வில் தாழ்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் நிறைந்த குழியில் வேகமாக விட்ட பிறகு ஒரு பக்கக் கேம்பர் மட்டும் மாறியிருந்தால், வளைந்த ஸ்ட்ரட்டையோ ஆர்மையோ நக்கிளையோ தேட வேண்டும். எந்தத் திருகலும் அதை நேராக்காது.

சுருக்கமாக: டோ திருத்தக்கூடியது. கேம்பர் பல கார்களில் பாகத்தை மாற்றினால்தான் சரியாகும். இரண்டையும் நிலையாகப் பிடித்திருப்பவை சில பந்து மூட்டுகளும் ரப்பர் புஷ்களும்.

கணினி பச்சை காட்டியும் டயர் தேய்வது ஏன்

அலைன்மென்ட் எந்திரம் காரை நிறுத்தி வைத்து அளக்கிறது. எஞ்சின் இழுக்கவில்லை, பிரேக் பிடிக்கவில்லை, வளைவில் பக்கவாட்டு விசையும் இல்லை. தேய்ந்த மூட்டு அந்த அமைதியான நிலையில் ஏதோ ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். கணினித் திரையில் எல்லா எண்களும் பச்சையாகிவிடும்.

வண்டி சாலைக்கு வருகிறது. பிரேக் பிடிக்கும்போது சாலை சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. லோயர் ஆர்மின் புஷ்ஷில் ரப்பர் கிழிந்திருந்தால் அந்த இரும்புக் கை முழுவதும் பின்னால் நகர்கிறது. டை ராட் அதே நீளத்தில் இருப்பதால் சக்கரத்தின் திசை மாறிவிடுகிறது. முன் சக்கர இயக்கக் கார் என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எதிர்த்திசையில் நகர்கிறது. டை ராட் எண்டில் ஓரிரு மில்லிமீட்டர் தளர்வு இருந்தாலே சக்கரம் தன் விருப்பத்துக்கு ஆடும். நின்றபோது இருந்த டோ வேறு, ஓடும்போது இருக்கும் டோ வேறு. தேய்வது ஓடும்போதுதான்.

இதனால்தான் தளர்ந்த பாகங்களோடு அலைன்மென்ட் செய்வது வீண் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நல்ல கடைக்காரர் முதலில் வண்டியைத் தூக்கி மூட்டுகளை ஆட்டிப் பார்ப்பார். தளர்வு இருந்தால் "இதை மாற்றிவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவார். அன்றைய வருமானத்தை விட்டுக்கொடுக்கும் அவரை நம்பலாம்.

தளர்வைக் கண்டுபிடிப்பது

சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, வண்டிக்கு அடியில் உறுதியான தாங்கி (ஜாக் ஸ்டாண்டு) வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் உடம்பின் எந்தப் பகுதியையும் நுழைக்கக் கூடாது. தாங்கி இல்லாவிட்டால் இதைப் பட்டறையிலேயே பார்க்கச் சொல்லுங்கள். அருகில் நின்று கவனித்தால் போதும்.

கடிகார முகம்போல டயரைப் பாருங்கள். 9 மணி, 3 மணி இடங்களில் இரு கைகளாலும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டினால் டக் டக்கென்று தளர்வு தெரிகிறதா? டை ராட் எண்டையும், டை ராடின் மறுமுனையில் ஸ்டீயரிங் ரேக்கோடு, அதாவது ஸ்டீயரிங் திருப்பத்தைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றும் பல்தண்டோடு, சேரும் உள்மூட்டையும் சந்தேகிக்க வேண்டும். 12 மணி, 6 மணி இடங்களில் ஆட்டும்போது தளர்வு தெரிந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இரண்டில் எது என்று பிரிக்க எளிய வழி உண்டு: ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க, மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட் பக்கம் போங்கள்.

பிறகு கண்ணால். பந்து மூட்டுகளை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வழிந்திருந்தால், இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும் அந்த மூட்டுக்கு ஆயுள் அதிகமில்லை. மண்ணும் தண்ணீரும் உள்ளே போய்விட்டன. லோயர் ஆர்மின் பின் புஷ்ஷைக் கம்பி கொடுத்து நெம்பினால் ரப்பர் பிளந்திருப்பது தெரியும். ஸ்ட்ரட்டின் உடலில் எண்ணெய் ஒழுகி மண் அப்பியிருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. முன்பக்கத்தை அமுக்கிவிட்டு எத்தனை முறை துள்ளுகிறது என்று பார்க்கும் பழைய முறை முற்றிலும் செத்துப்போன ஷாக்கைத்தான் காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்ததைக் காட்டாது. அதற்கு டயரில் உள்ள மேடுபள்ளமே நம்பகமான சாட்சி.

இன்னொரு நல்ல சோதனை, வண்டியைத் தரையிலேயே நிறுத்தி, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதளவு வேகமாகத் திருப்ப, மற்றவர் டை ராட் எண்டில் கை வைத்துப் பார்ப்பது. வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருப்பதால் சிறிய தளர்வும் கைக்குத் தட்டுப்படும். கை சக்கரத்துக்கும் கம்பிகளுக்கும் நடுவில் சிக்காத இடத்தில் இருக்க வேண்டும்.

சத்தம் வருவதெல்லாம் டயரைத் தின்பதில்லை

சிறு மேடுபள்ளங்களில் கடகடவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் அது ஸ்டெபிலைசர் லிங்க், அதாவது வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சிறு தண்டு. எரிச்சலூட்டும், ஆனால் சக்கரத்தின் கோணத்தை அது பிடித்திருக்கவில்லை. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மேலே டங்கென்று வில் அதிர்ந்தால் ஸ்ட்ரட்டின் மேல் மெத்தையில் உள்ள பேரிங் இறுகியிருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது ஒருமுறை மட்டும் டொக்கென்று வந்தால்தான் லோயர் ஆர்ம் புஷ்ஷை நினைக்க வேண்டும். டயரைத் தின்னும் சத்தம் அது.

80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குவது பெரும்பாலும் வீல் பாலன்சிங் கோளாறு. பாலன்சிங் என்பது சக்கரத்தைச் சுற்றிலும் எடை சமமாக இருக்கச் சிறு எடைத் துண்டுகள் ஒட்டுவது. அலைன்மென்ட்டோடு சேர்த்தே கேட்பதால் பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். பாலன்சிங் சக்கரத்தின் சொந்த விஷயம். அலைன்மென்ட் சக்கரம் வண்டியில் நிற்கும் விதம்.

ரம்பத் தேய்மானம் ஹூம் என்று ஓர் ஓசையும் எழுப்பும். வீல் பேரிங் போய்விட்டது என்று அதை மாற்றியவர்கள் உண்டு. சாலையின் தளம் மாறும்போது ஓசையும் மாறினால் டயர். மெல்ல இடமும் வலமும் வளைத்து ஓட்டும்போது ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் பேரிங்.

பட்டறையில் எந்த வரிசையில் செய்ய வேண்டும்

காற்றழுத்தம், பிறகு மூட்டுகளும் புஷ்களும், பிறகு தேவையான பாகங்களை மாற்றுவது, எல்லாவற்றுக்கும் கடைசியில் அலைன்மென்ட். டை ராட் எண்டோ லோயர் ஆர்மோ ஸ்ட்ரட்டோ கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் அலைன்மென்ட் கட்டாயம். ஷாக் அப்சார்பரை ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். இடதும் வலதும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

லோயர் ஆர்ம் மாற்றும்போது பலரும் தவறவிடும் ஒன்றைச் சொல்கிறேன். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு அப்படியே நிற்கும், சீக்கிரம் கிழியும். முதலில் கையால் மட்டும் முடுக்கி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். புதுப் பாகம் ஓராண்டில் போய்விட்டது என்ற புகார்களில் பலவற்றுக்கு வேர் இங்கே இருக்கிறது.

அலைன்மென்ட் முடிந்ததும் முன், பின் இரண்டு அளவுகளும் உள்ள அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். கேம்பர் வரிசையில் இடதுக்கும் வலதுக்கும் பெரிய வேறுபாடு சிவப்பில் நின்றால், டோ பச்சையாகிவிட்டது என்று திருப்தி அடையாமல் காரணம் கேளுங்கள். முந்தைய தாளையும் பத்திரமாக வைத்திருந்தால் எந்தச் சக்கரம் மெல்ல மெல்ல விலகுகிறது என்பது எண்களிலேயே தெரியும்.

ரம்பம்போலத் தேய்ந்துவிட்ட டயர், பழுதைச் சரிசெய்த பிறகும் சில ஆயிரம் கிலோமீட்டருக்குச் சத்தம் போடும். அதைக் கேட்டு வேலை சரியாக நடக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பள்ளம் போதிய ஆழத்தில் இருந்து, கம்பி வெளியே தெரியாமல் இருந்தால், அந்த டயரைப் பின் சக்கரத்துக்கு மாற்றி ஓட்டுங்கள். முன்னால் போட்ட டயரை 2,000 கிலோமீட்டர் கழித்து மீண்டும் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். மூன்றும் ஒரே அளவில் குறைந்திருந்தால் பழுது தீர்ந்தது.